ஒன்பதாம் வளைவில் சாவி

போடிமெட்டில் செக்போஸ்ட் தாண்டியதும்
கியரை நியூட்ரலில் தள்ளி
சாவியை ஒரு சொடுக்கு பின்னால் திருப்புவேன்.
முந்தல் வரைக்கும் மலையே இறக்கிவிடும்.
டீசலை அளந்து தருவார் வண்டிக்காரர்,
மிச்சம் பிடித்தால் எனக்கு.
ஒரு இறக்கத்துக்கு முப்பத்தாறு ரூபாய்.
இரண்டு புரோட்டாவும் தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்றும்.

பின்னால் பதினோரு பெண்கள்.
முன்னால் என் பக்கத்தில் ஒச்சம்மா,
பூப்பாறை எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்து
கறையேறிய விரல்களுக்குள் தூக்குச்சட்டி.

அன்று சாரல்.
எஞ்சின் இல்லாத வண்டியில்
டயர் ஈரத்தை உரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.
அவர்கள் யாரும் பேசமாட்டார்கள்.
அசதி என்று நினைத்திருந்தேன்.

ஸ்டியரிங் கனக்கும். தெரியும்,
தோளைக் கொடுத்து ஒடிப்பேன்.
பிரேக்கில் இரண்டு மிதி மிச்சமிருக்கும். அதுவும் தெரியும்.
பூஸ்டர் உறிஞ்சி வைத்திருப்பதை
மாசக் கடைசி நோட்டு மாதிரி
எண்ணி எண்ணித்தான் எடுப்பேன்.

ஒன்பதாம் வளைவில் கேரளா பஸ்,
ரோடு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு
மூக்கை நீட்டியது.
ஒரு மிதி. அடங்கிற்று.
இன்னொரு மிதி. பாதி.
மூன்றாவதாக நான் மிதித்தது
மரக்கட்டை.
வேகம் குறையக் குறைய
ஸ்டியரிங் ஆட்டுக்கல் ஆனது.
ஓரக் கல் கறுப்பு, வெள்ளை, கறுப்பு,
அதற்கப்புறம் மேகம்.

இரண்டு கையாலும் அதில் தொங்கிக்கொண்டிருந்தேன்.
மூன்றாவதாக ஒரு கை
என் மடியைத் தாண்டி வந்து
சாவியைத் திருகியது.

எஞ்சின் இருமியது, பிடித்தது.
காலுக்குக் கீழே இடம் கிடைத்தது.
சக்கரம் மறுபடி என் பேச்சைக் கேட்டது.
பஸ் எங்கள் பக்கக் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டு
மலையாளத்தில் ஏதோ திட்டிக்கொண்டே ஏறிப் போனது.

மலைப்பக்கம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு,
டயருக்குக் கல் வைத்துவிட்டு வந்து பார்த்தால்
தூக்குச்சட்டி உருண்டு கிடக்கிறது
பிரேக் பெடலுக்கு நாலு விரல்கடை தள்ளி.

குனிந்து அதை எடுத்துக்கொண்டே கேட்டாள்:
"இப்பிடி அமத்துனா உனக்கு எம்புட்டு நிக்கும்?"
சொன்னேன்.
பின்னால் திரும்பினாள்.
"ஏய், ஆளுக்கு மூணு ரூவா வருதுடி."
யாரும் சிரிக்கவில்லை.
பெருமாயி முந்தி முடிச்சை
அவிழ்க்கத் தொடங்கினாள்.

"எட்டு மாசமாப் பாக்குறோம்.
சத்தம் நின்னுச்சுன்னா
ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுக்குவோம்.
முந்தல்ல வந்துதான் விடுறது."

மறுநாள் பூப்பாறையில்
குரியன் போனட்டுக்குள் தலையை விட்டபடி சொன்னான்:
"டீசலா? எடோ, கியரில் இறங்கி
ஆக்சிலேட்டரில் கால் வைக்காம இருந்தா
இந்த எஞ்சின் ஒரு துள்ளி குடிக்கில்லா.
அது சும்மா உறுமிட்டு நிக்கும்போழ்தான் குடிக்கும்."

எட்டு மாதம்.
பன்னிரண்டு பேரை
ஒன்றுமில்லாததற்கு அடகு வைத்திருக்கிறேன்.
முப்பத்தாறு ரூபாய்கூட இல்லை அது,
கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு.

இப்போது ஏறின கியரிலேயே இறங்குகிறேன், செகண்டில்.
எஞ்சின் முனகுகிறது,
வண்டியின் சட்டையைப் பின்னாலிருந்து
யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.
பிரேக்கை மிதித்து, விட்டு, மிதிக்கிறேன்.
லைனிங் கருகும் வாடை இல்லை.
முந்தல் சேர கால்மணி கூட ஆகிறது,
அதற்கும் வண்டிக்காரர் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்.

பின்னால் பேச்சு நிற்பதே இல்லை.
சீட்டுப் பணம், மருமகள், யாரோ ஓடிப்போன கதை.
நேற்று ஏழாம் வளைவில் ஒச்சம்மா
வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள்,
தூக்குச்சட்டியைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு.

என் வலது கைதான் இன்னும் திருந்தவில்லை.
செக்போஸ்ட் தாண்டியதும்
தானாகச் சாவிக்குப் போகிறது.
சாவி வளையத்தில் சாக்குச் சணலால்
மூன்று முடிச்சு போட்டுவைத்திருக்கிறாள் அவள்,
கேட்காமலே.
விரலில் சொரசொரக்கும்.
எடுத்துவிடுவேன்.